களஞ்சியம் எழுதும் ஆசிரியர்

கல்வராயன் மலையிலுள்ள தன் ஊராட்சியின் பெயரை ஒரு மாணவர் தமிழ் விக்கிப்பீடியாவில் தேடுகிறார் என்று கொள்வோம். மக்கள்தொகை, கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் என எண்கள் நிறைந்த பக்கம் கிடைக்கக்கூடும். தமிழக ஊராட்சிகள் பற்றிய ஆயிரக்கணக்கான பக்கங்கள், அரசுத் தரவுகளைக் கொண்டு தானியங்கி நிரல் வழியே உருவானவை. அந்த எண்கள் பயனுள்ளவையே. ஆனால் ஊரைத் தொட்டு ஓடும் ஓடையின் பெயரும் அங்கு விளையும் பயிரும் அவற்றில் இல்லை. அவற்றை யார் எழுதுவது?

முன்னோடிகள்

தமிழில் களஞ்சியப் பணிக்கும் ஆசிரியர்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1910இல் வெளிவந்த 'அபிதான சிந்தாமணி'யைத் தனியொருவராகத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார் தமிழாசிரியர். தமிழ் வளர்ச்சிக் கழகம் 10 தொகுதிகளாக வெளியிட்ட 'கலைக்களஞ்சிய'த்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரனும் ஆசிரியராகப் பணியாற்றியவர். கவிதை, கீர்த்தனை, சிறுகதை எனப் பல துறைகளிலும் இயங்கியவர்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் முன்னோடி இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இவர் தொழிலால் கட்டடக்கலைஞர். ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிபுரிந்தபடியே ஓய்வு நேரத்தில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கினார். கட்டடக்கலையோடு நில்லாமல் மொழியியல், மானிடவியல், யாழ்ப்பாண வரலாறு என அவர் ஆர்வம் விரிந்தது. 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஊதியமில்லாத தன்னார்வலர்களின் உழைப்பால் இன்று அக்களஞ்சியத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன.

ஒரு துறையில் பயிற்சி, பல துறைகளில் ஆர்வம். நம் ஆசிரியர்கள் பலரிடமும் உள்ள இயல்பு இது.

நம் மாவட்டத்தில் எங்கே தொடங்கலாம்?

புவியியல் ஆசிரியர் கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆற்றையும், கச்சிராயபாளையம் அருகிலுள்ள அணையையும் எடுத்துக்கொள்ளலாம். அறிவியல் ஆசிரியருக்கு மலையில் சேகரிக்கப்படும் கடுக்காய் இருக்கிறது. ஓவிய ஆசிரியர் 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தைப் பற்றி எழுதலாம். சமூக அறிவியல் ஆசிரியர் மலையாளி பழங்குடியினரின் வாழ்வு பற்றிய நூல்களைத் தேடலாம்.

தேடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26இல்தான். அதற்கு முந்தைய நூல்களில் இப்பகுதி விழுப்புரம் மாவட்டத்திலும், 1993க்கு முன் தென்னார்க்காடு மாவட்டத்திலும் இருக்கும். பழைய நூல்கள் சிலவற்றில் மலையின் பெயர் 'கல்ராயன்' என்று காணப்படும்.

மூன்று நெறிகள்

1. சான்று: எழுதும் செய்தி அச்சிலோ நம்பகமான தளத்திலோ முன்பே வெளிவந்திருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் சொன்ன செய்தியை நேரடியாகச் சேர்க்க இயலாது. அதைப் பள்ளிக் கையெழுத்து இதழில் பதிவு செய்வோம். அதுவும் இழக்கக் கூடாத செல்வம்.

2. நடுநிலை: 'உலகப் புகழ்பெற்ற', 'எழில் கொஞ்சும்' போன்ற புகழ்ச்சிகள் வேண்டாம். உயரம், ஆண்டு, அளவு ஆகியவை பேசட்டும்.

3. சொந்த நடை: பாடநூலையோ செய்தித்தாளையோ அப்படியே படியெடுக்கக் கூடாது. படித்துப் புரிந்துகொண்டு நம் சொற்களில் எழுத வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கவும். ஒவ்வொரு குழுவும் தம் ஊரிலுள்ள ஒரு மரம், நீர்நிலை அல்லது கைத்தொழிலைத் தேர்ந்தெடுத்து ஐந்து வாக்கியங்கள் எழுதட்டும். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் அருகிலும் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு விடை எழுதச் சொல்லவும். 'நூல்', 'நேரில் பார்த்தது', 'கேட்டது' என விடைகள் பிரியும். நூற்சான்று உள்ள வாக்கியங்களை மட்டும் ஆசிரியர் சரிபார்த்துத் தம் கணக்கிலிருந்து விக்கிப்பீடியாவில் சேர்க்கலாம். ஆசிரியர் தாமே எடுத்த மரம், ஓடை ஆகியவற்றின் ஒளிப்படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் பதிவேற்றலாம். மாணவர்களின் பெயரையோ படத்தையோ வெளியிட வேண்டாம்.

நூலகம் தொலைவில் உள்ள மலைப்பள்ளியிலும் இச்செயல்பாட்டின் பெரும்பகுதியை இணையமின்றியே நடத்தலாம். கேட்டதையும் அறிந்ததையும் பிரித்துப் பார்க்கப் பழகிய மாணவர், கைப்பேசிக்கு வரும் எந்தச் செய்தியையும் அதே கேள்வியுடன் அணுகுவார். நம் ஊர்ப் பக்கத்தில் சேரும் ஐந்து வாக்கியங்களைவிடப் பெரிய பயன் அதுவே.