எடை ஏறும் பருவங்கள்

பெண்களின் உடல் எடை ஆண்டுதோறும் ஒரே சீராக ஏறுவதில்லை. பூப்பெய்தும் வயது, திருமணம், பிரசவம், மாதவிடாய் நிற்கும் காலம் என்று சில கட்டங்களில் மளமளவென்று கூடும். கூடியது பெரும்பாலும் இறங்காமல் தங்கிவிடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். அதே ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகையும் இருந்தது. தட்டு நிறைந்தாலும் சத்து சேரவில்லை.

அந்த ஆய்வு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 25-ஐ எல்லையாகக் கொண்டது. இந்தியர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு எளிதில் சேர்வதால் 23-ஐத் தொட்டாலே அதிக எடை என்கிறார்கள் இங்குள்ள மருத்துவர்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் டேப்பை இறுக்காமல் வைத்து அளப்பது முறை. புடவையும் நைட்டியும் இடுப்பு பெருப்பதைக் காட்டிக்கொடுப்பதில்லை. பாவாடை நாடா எவ்வளவு வேண்டுமானாலும் தளர்ந்துகொடுக்கும். ஜாக்கெட்டின் உள்தையலை ஒன்று பிரித்தால் இன்னொரு வருடம் ஓடிவிடும். இரண்டாவது தையலைப் பிரிக்கும் நிலை வரும்போதாவது அளந்துபார்த்துவிட வேண்டும்.

இளம் வயதில் எடை கூடி மாதவிடாய் தள்ளிப்போனால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கக்கூடும். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சுழற்சி சீரடைகிறது.

கர்ப்ப காலத்தில் 'ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்' என்று சொல்லாத வீடு இல்லை. உண்மையில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு ஏறத்தாழ 350 கலோரி: ஒரு டம்ளர் பால், இரண்டு இட்லி, சாம்பார். சரியான எடையில் கருவுறும் பெண், பிரசவம்வரை 11.5 முதல் 16 கிலோ கூடலாம். இதே காலத்தில்தான் கர்ப்பகாலச் சர்க்கரையும் தலைகாட்டும். சென்னை மருத்துவர் வி. சேஷய்யா பரவலாக்கிய முறையில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். அதில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. பிரசவத்துக்குப் பின் அது பெரும்பாலும் இறங்கிவிடுவதால் வீட்டில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். ஆறாவது வாரத்தில் ஒரு முறையும் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும்.

அதிக எடை தங்கிவிடுவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டில். கருப்பட்டியும் நெய்யும் சேர்த்த லேகியம், நல்லெண்ணெய் மிதக்கும் பூண்டுக் குழம்பு என்று பத்தியச் சாப்பாடு நடக்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் கொடுக்க நாளுக்கு 600 கலோரிவரை கூடுதலாகத் தேவை என்பதால் அது ஓரளவு செலவாகிவிடும். சிக்கல் அதற்குப் பின்தான்: பால் குறைகிறது, சாதத்தின் அளவு குறைவதில்லை. போதாததற்குக் குழந்தை தட்டில் மிச்சம் வைத்த பருப்புசாதமும் பாதி தோசையும் அம்மாவின் வயிற்றுக்கே போகும். 'வீணாக்கக் கூடாது' என்ற நல்ல பழக்கத்தின் விலை இது. குழந்தைக்கு முதலில் ஒரு கரண்டி மட்டும் வைத்து, கேட்டால் மறுபடி போடுவது எளிய வழி. எல்லோரும் சாப்பிட்டபின் மூன்று மணிக்குக் கொலைப்பசியோடு உட்காரும் வழக்கமும் சாதத்தைக் கூட்டும். வீட்டாரோடு சேர்ந்து ஒரு மணிக்கே சாப்பிட உட்கார்ந்தால் தட்டு தானாகவே சிறுத்துவிடும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் தொடையிலும் பிட்டத்திலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது, தசையும் கரைகிறது. பலரும் தைராய்டு மேல் பழிபோடுவார்கள். பரிசோதிப்பது அவசியம்தான், ஆனால் தைராய்டு மட்டும் சில கிலோவுக்கு மேல் கூட்டுவது அரிது. வாரம் 150 நிமிட வேக நடையோடு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது தேவை. வேளைக்கு வேளை சுண்டல், பருப்பு, முட்டை, மீன் என ஏதாவதொரு புரதம் இருக்க வேண்டும். பட்டினி கிடந்து இளைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும்.

அறுபத்தைந்தைக் கடந்தபின் கணக்கு மாறுகிறது. முயற்சி ஏதுமின்றி ஓராண்டுக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால், இளைத்துவிட்டோம் என்று மகிழாமல் மருத்துவரிடம் காரணம் கேட்க வேண்டும்.