நடுவழியில் சோர்ந்து போகாதிருக்க...



ஒரு வேலையைத் தொடங்கும்போது நம்மில் யாருக்கும் உற்சாகத்துக்குக் குறைவில்லை. நீட் தேர்வுக்குத் தயாராகும் மகள் முதல் வாரம் யாரும் எழுப்பாமலே பஜ்ருக்கு எழுந்து புத்தகத்தை எடுக்கிறாள். டிஎன்பிஎஸ்சி எழுதப் போகும் மகன் புத்தகங்களுக்கு அட்டை போட்டு அடுக்கி வைக்கிறான். ஹிஃப்ழ் ஓதச் சேர்ந்த சிறுவன் முதல் ஜுஸ்வை முடித்ததும் வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். சபர் போன வாப்பா, மூன்று வருடத்தில் வீட்டைக் கட்டி முடித்துவிட்டு ஊரோடு வந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்.

சிக்கல் நடுவில்தான் வருகிறது. முதல் முயற்சி தவறிவிடுகிறது. புத்தகங்களில் தூசி படிகிறது. கட்டிய வீடு ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது. தொடங்கியபோது வாழ்த்தியவர்கள், "இன்னுமா முடியவில்லை?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். "ஆரம்ப சூரத்தனம்" என்று ஒரு பேச்சும் காதில் விழுகிறது.

நமது அறக்கட்டளையின் கல்வி உதவி பெறும் பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறோம். முதல் ஆண்டு முகமலர்ச்சியோடு வந்த பிள்ளை, ஒரு தேர்வில் தவறியதும் நம்மைக் கண்டால் தெரு மாறிப் போகிறது. இதில் நம் தவறும் இருக்கிறது. உதவித்தொகை கொடுக்கும் நாளில் தோளைத் தட்டினோம். தேர்ச்சி பெற்றவர்களை மேடையில் ஏற்றிப் பரிசு கொடுத்தோம். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று நாம் போய்க் கேட்கவில்லை.

நீண்ட நாள் வேலையில் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று அறிய நாம் தூரம் போக வேண்டியதில்லை. நம் கரையில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையிலேயே அந்தப் பாடம் இருக்கிறது.

தெரிந்த மனிதர், தெரியாத ஏழு ஆண்டுகள்

மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் 1931 அக்டோபர் 15 அன்று ராமேஸ்வரத்தில் பிறந்தவர். சிறுவயதில் செய்தித்தாள் விநியோகித்ததும், ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்ததும், குடியரசுத் தலைவர் ஆனதும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். தொடக்கமும் தெரியும், முடிவும் தெரியும். நமக்கு இன்று தேவைப்படுவது நடுப்பகுதி.

1970களின் தொடக்கத்தில், இந்தியாவிலேயே வடிவமைத்த ராக்கெட்டால் ஒரு செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதுதான் எஸ்.எல்.வி.-3. உயரம் சுமார் 23 மீட்டர், எடை 17 டன், நான்கு அடுக்குகள். ஏறக்குறைய ஏழு ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது புறப்பட்டது. முதல் அடுக்கு சரியாக வேலை செய்தது. இரண்டாம் அடுக்கு கட்டுப்பாட்டை இழந்தது. 317 வினாடியில் எல்லாம் வங்கக் கடலில் விழுந்தது. ஏழு ஆண்டு உழைப்பு ஐந்தே கால் நிமிடத்தில் கடலுக்குள் போயிற்று.

அதற்கு முன்னும் பின்னும் அவரும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் நடந்துகொண்ட விதத்தில் நமக்கு நான்கு பாடங்கள் இருக்கின்றன.

பாடம் 1: பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரியுங்கள்

'ராக்கெட் விட வேண்டும்' என்பது ஒரு நாளில் செய்யக்கூடிய வேலை அல்ல. அந்த ராக்கெட்டை 44 முக்கியப் பிரிவுகளாகப் பகுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ராக்கெட்டின் மோட்டார்களைத் தரையிலேயே பிணைத்து வைத்து எரித்துச் சோதித்தார்கள். ஒவ்வொரு சோதனையும் முடியும்போது, ஒரு பகுதி முடிந்தது என்ற நிறைவு வேலை செய்தவர்களுக்குக் கிடைத்தது. ஏழு ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் ஒரே மகிழ்ச்சியை நம்பி யாராலும் ஏழு ஆண்டு உழைக்க முடியாது.

கலாம் அவர்களின் வாப்பா ஜைனுலாப்தீன், ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் செல்லக் கடற்கரையில் வைத்து ஒரு மரப் படகு கட்டினார். அது உருவாவதைச் சிறுவனாக இருந்த கலாம் பார்த்துக்கொண்டிருந்தார். படகு கட்டுவதைப் பார்த்த நம் கரை மக்களுக்குத் தெரியும்: இன்று எந்தப் பலகை என்பதுதான் தச்சரின் அன்றைய கவலை.

'டிஎன்பிஎஸ்சி பாஸ் பண்ண வேண்டும்' என்பதை ஒரு நாள் வேலையாக எழுதி வைக்க முடியாது. 'இன்று பத்தாம் வகுப்பு வரலாற்றில் ஒரு பாடம், அதிலிருந்து இருபது கேள்வி' என்று எழுதலாம். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், முடித்த நாளுக்கு ஒரு குறி போடச் சொல்லுங்கள். விடாமல் செய்யும் சிறு அமலின் மேன்மையைப் பள்ளிவாசலில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். படிப்புக்கும் தொழிலுக்கும் அது பொருந்தும்.

பாடம் 2: மனம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

எஸ்.எல்.வி.-3 வேலை நடந்த ஆண்டுகளில்தான் கலாம் அவர்கள் அடுத்தடுத்து மூன்று மரணங்களைக் கண்டார். சிறுவயதில் அவரைப் படிக்கத் தூண்டிய மச்சான் அஹமது ஜலாலுதீன் முதலில் மறைந்தார். 1976இல் வாப்பா மறைந்தார். பிறகு உம்மா. மச்சானின் மறைவுக்கு ஊர் வந்துவிட்டுத் தும்பாவுக்குத் திரும்பியபோது, எல்லாமே வீண் என்ற எண்ணம் தன்னைப் பிடித்துக்கொண்டதை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அப்போது விண்வெளி நிறுவனத்தின் தலைவராக இருந்த பேராசிரியர் சதீஷ் தவான், அவரோடு நெடுநேரம் பேசினார். வேலை முன்னேற முன்னேற ஆறுதல் கிடைக்கும், குழப்பம் முதலில் குறைந்து பிறகு விலகும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாக நினைக்கிறோம். மனம் தெளிந்தால் உட்கார்ந்து படிக்கலாம் என்று காத்திருக்கிறோம். உட்கார்ந்து ஒரு பக்கம் படித்தால்தான் மனம் கொஞ்சம் தெளிகிறது. மௌத்தும் நோயும் கடனும் வந்த வீட்டில் வேலையின் அளவு குறையலாம். முழுக்க நின்றுவிடாமல் இருந்தால் போதும். இரண்டு மணி நேரம் முடியாத நாளில் இருபது நிமிடமாவது இருக்கட்டும்.

பாடம் 3: பழுது எங்கே என்று தேடுங்கள்

ராக்கெட் விழுந்த மறுநாளே ஆய்வுக் கூட்டம் நடந்தது. ஆராய்ந்ததில் தெரிந்தது இது: இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு, மாசு புகுந்ததால் மூடாமல் நின்றுவிட்டது. அதன் வழியே அமிலம் கசிந்து வீணாகிப் போனது. ஏவுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே கசிவு தெரிந்தும் நிறுத்தாதது தன் பொறுப்பு என்று, விஞ்ஞானிகள் கூடிய சபையில் கலாம் அவர்கள் எழுந்து ஒப்புக்கொண்டார்.

17 டன் ராக்கெட் முழுவதும் தவறு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வால்வு என்று கண்டுபிடித்தார்கள். அதனால்தான் மறுபடி முயல முடிந்தது.

நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "உனக்குப் படிப்பு வராது", "இது நம் குடும்பத்துக்குச் சரிப்படாது." இது ராக்கெட்டையே தூக்கி எறிகிற பேச்சு. மதிப்பெண் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். இயற்பியலில் குறைந்ததா? நேரம் போதாமல் விட்ட கேள்விகள் எத்தனை? பழுதுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தேடிப் பார்க்கும்போது, பிரச்சினை ஒரு வால்வில் இல்லை, பாதையையே மாற்ற வேண்டும் என்று தெரியவரலாம். மூன்று முறை எழுதியவர் நான்காம் முறை எழுதும் முன், பக்கத்தில் ஒரு கைத்தொழிலோ வேலையோ வைத்துக்கொள்வது தோல்வி ஆகாது. யோசித்து மாற்றிக்கொள்வதும் முயற்சிதான். கோபத்திலும் வெட்கத்திலும் கைவிடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

பாடம் 4: தோற்ற அன்று பக்கத்தில் இருங்கள்

நாம் அதிகம் கவனிக்க வேண்டிய பாடம் இதுதான். அன்று பத்திரிகையாளர்களின் முன் தலைவர் சதீஷ் தவான் தானே போய் அமர்ந்தார். தோல்வியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, தன் குழு அடுத்த முறை வெல்லும் என்று சொன்னார்.

பல நாள் தூக்கமின்றி இருந்த கலாம் அவர்கள் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். மாலை நெருங்கும் நேரத்தில் யாரோ தோளை மெல்லத் தொட, கண் விழித்தார். தும்பா விண்வெளி மையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் பிரம்ம பிரகாஷ் கட்டிலருகே அமர்ந்திருந்தார். சாப்பிடப் போகலாமா என்று மட்டும் கேட்டார். அதற்கு முன் இரண்டு முறை வந்து, தூங்குபவரை எழுப்ப மனமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். கலாம் எழும்வரை அவரும் பகல் உணவைச் சாப்பிடவில்லை. சாப்பிடும்போது ராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆய்வுக் கூட்டம் மறுநாள் நடந்தது. அன்று நடந்தது சாப்பாடு மட்டும். இந்த வரிசையை நாம் மறந்துவிடக் கூடாது.

ஏறக்குறைய பதினொரு மாதம் கழித்து, 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 மீண்டும் புறப்பட்டு, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்திக்கச் சதீஷ் தவான் போகவில்லை. கலாம் அவர்களை அனுப்பினார்.

நம் வீட்டில், நம் மஹல்லாவில்

தேர்வு முடிவு வரும் நாளில் செல்போன் ஓயாமல் அடிக்கும். மாமி கேட்பார், சாச்சா கேட்பார், பக்கத்து வீடு கேட்கும். அந்தக் கேள்விகளுக்கு வாப்பாவோ உம்மாவோ பதில் சொல்லுங்கள். பிள்ளையின் கையில் போனைக் கொடுக்காதீர்கள். தவறிய பிள்ளைக்கு அன்று பிடித்ததைச் சமைத்து, கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். கணக்கு வழக்கெல்லாம் மறுநாள் பார்க்கலாம்.

நமது அறக்கட்டளையும் தன்னைத் திருத்திக்கொள்ள முடிவு செய்திருக்கிறது. இன்ஷா அல்லாஹ், இனி முடிவு வரும் வாரத்தில், உதவி பெறும் பிள்ளைகளில் தவறியவர்களின் வீட்டுக்கே முதலில் போவோம். ஏன் தவறியது என்று கேட்கப் போவதில்லை. உதவி தொடரும் என்று சொல்லிவிட்டு வருவோம். பழுதைப் பற்றி, பிள்ளை தயாரானதும் உட்கார்ந்து பேசுவோம்.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் இப்போது பாதியில் நிற்கும் நீண்ட நாள் வேலை எது? அதில் இன்று முடிக்கக்கூடிய ஒரு சிறு பகுதி எது?

2. கடந்த முறை தவறியபோது, பழுது எங்கே என்று தேடினோமா, ஆளைக் குறை சொன்னோமா?

3. நாம் தோற்ற நாளில் நம் பக்கத்தில் உட்கார்ந்தவர் யார்? அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறோமா? இன்று நாம் யார் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்?

பாதி வழியில் நிற்கும் நம் பிள்ளைகளின் முயற்சிகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.