மாங்கனைட்டின் நடுக்கம்

கேள்வி: மாங்கனைட்டுப் படிகங்களில் நிலைமாற்ற வெப்பநிலைக்கு அருகே மின்னிரைச்சல் பெருகுவது ஏன்?

பதில்: மின்னிரைச்சல் என்பது காதில் விழும் ஓசை அன்று, மாறாத மின்னோட்டம் செலுத்தப்படும்போதும் பொருளின் மின்தடை தானாகவே ஏறி இறங்குவதால் மின்னழுத்தத்தில் தோன்றும் ஒழுங்கற்ற நடுக்கமே அப்பெயரால் குறிக்கப்படுகிறது. மாங்கனீசு ஆக்சைடுச் சேர்மமான லாந்தன மாங்கனைட்டில் லாந்தனத்தின் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கால்சியம் இடம்பெற்றால், அச்சேர்மம் ஏறத்தாழ 250 கெல்வினுக்குக் கீழே காந்த உலோகமாகவும், அதற்கு மேலே மின்சாரத்தை அரிதாகவே கடத்தும் பொருளாகவும் விளங்குகிறது.

இம்மாற்றம் படிகமெங்கும் ஒரே கணத்தில் நிகழ்வதில்லை. கடத்தாப் பரப்பினிடையே உலோகத் தீவுகள் முளைத்து, ஒன்றையொன்று தொட்டு, மின்னோட்டத்துக்குச் சில குறுகிய பாதைகளை மட்டுமே திறந்துவிடுகின்றன. அந்நிலையில் பாதையின் இடுக்கில் அமைந்த ஒரே ஒரு சிறு பகுதி வெப்பத்தின் தூண்டுதலால் உலோக நிலைக்கும் கடத்தா நிலைக்கும் இடையே ஊசலாடினாலும், படிகத்தின் மொத்த மின்தடையே குலுங்குகிறது. சிறிய மாதிரிகளில் மின்தடை இரண்டு மதிப்புகளுக்கிடையே தாவுவதைத் தனித்தே காண முடிகிறது; தந்திக்கருவியின் துடிப்பை ஒத்திருப்பதால் இதற்குத் தந்தி இரைச்சல் என்று பெயர். வெவ்வேறு வேகத்தில் தாவும் இத்தகைய பகுதிகள் பல கூடும்போது, அதிர்வெண் குறையக் குறைய வலுக்கும் இரைச்சல் பிறக்கிறது.

இரைச்சல் என்ற பெயர் இங்கே சற்று அநீதியானதே. ஏனெனில் வெப்பநிலையையும் காந்தப்புலத்தையும் மாற்றி அத்தாவல்களை அளந்தால், ஊசலாடும் பகுதியின் பருமனையே கணித்துவிடலாம்.