சாய்ந்த ஜீப் சொன்ன பாடம்

வில்வண்டியை நம்மில் பலர் அறிவோம். மாட்டு வண்டிதான், ஆனால் அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கி, வில்லைப்போல் வளைத்து வைத்திருப்பார்கள். பாதைக் குழியின் அதிர்ச்சியை அந்த வில் வாங்கிக்கொள்ளும். ஏறி அமர்ந்தவரின் இடுப்பு தப்பும். 1945-ல் தோன்றிய மகிந்திரா நிறுவனம் பம்பாயில் இணைக்கத் தொடங்கிய ஜீப்பின் அடியிலும் அதே வில்தான் இருந்தது. பட்டறைகளில் அதைக் 'கமான்' என்பர். பாரசீக மொழியில் கமான் என்றாலும் வில்தான். பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை!

அத்தகைய நான்கு வில்களின்மேல் நிற்கும் பழைய ஜீப் ஒன்று புனேயில் நம் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. சென்ற மழைக்காலம் முடிந்ததும் அது வலப்பக்கம் சாய்ந்து நிற்பதைக் கண்டோம். ஆறு பேர் சிம்மகட் கோட்டைக்குப் போவதாகத் திட்டமிட்டிருந்தோம். அந்த மலைப்பாதையில் வளைவுகள் பல. இடப்பக்கம் திரும்பும்போது எந்த வண்டியும் வலப்பக்கம் சாயும். ஏற்கெனவே வலப்பக்கம் சாய்ந்த வண்டி இன்னும் அதிகமாகச் சாயும். ஆகவே இது அழகு பற்றிய கேள்வி அன்று. ஆறு உயிர்களைப் பற்றிய கேள்வி.

பட்டறைக்காரர் ஒருவர் பார்த்தார். "வலது முன் கமானில் ஒரு பட்டை கூடுதலாகச் செருகிவிட்டால் சரியாகிவிடும்" என்றார். நண்பர் பணத்தை எடுக்கப் போனார். "ஒருநாள் பொறுங்கள்" என்றேன் நான். அந்த ஒரு நாளில் நாங்கள் கற்றதே இக்கட்டுரை.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்ளவேண்டும்: வில்லின் உயரம் வேறு, விறைப்பு வேறு. சுமை இரட்டித்தால் வில்லின் தாழ்வும் இரட்டிக்கும் என்பது ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட விதி. எவ்வளவு சுமைக்கு எவ்வளவு தாழும் என்பது விறைப்பு. சுமையே இல்லாதபோது எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது வளைவு. ஒரே தடிப்புள்ள எட்டுப் பட்டைகளோடு ஒன்பதாவது ஒன்றைச் சேர்த்தால், விறைப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடிவிடும். அதை ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்தால் என்ன ஆகும்? வெறும் வண்டி நேராக நிற்கும். ஆட்கள் ஏறியதும் விறைத்த பக்கம் குறைவாகவும் மற்றப் பக்கம் அதிகமாகவும் தாழும். சாய்வு போகாது, பக்கம்தான் மாறும்.

எனவே மருந்துக்கு முன் நோயை அறிய முற்பட்டோம். சமதளமான சிமெண்டுத் தரை ஒன்றைத் தேடி, கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொண்டோம். நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்தோம். பிறகு ஒவ்வொரு மூலையிலும் அச்சுக் குழலின் மேற்புறத்திலிருந்து இரும்புச் சட்டத்தின் அடிப்புறம்வரை அளந்தோம். மட்கார்டிலிருந்து அளக்கக்கூடாது, பெட்டி தாங்கும் ரப்பர்கள் நைந்திருந்தால் அந்த அளவு பொய் சொல்லும். கிடைத்த எண்கள் இவை: இடது முன் 16.5 செ.மீ., வலது முன் 14.5, இடது பின் 18, வலது பின் 16.

நான்கில் சிறிய எண் வலது முன்னில் இருந்தது. பட்டறைக்காரரின் கண் அங்கே போனது இயல்பே. ஆனால் முன்னும் பின்னும் வேறுபாடு ஒரே 2 செ.மீ. சட்டம் விறைப்பானது, ஒரு முனை சாய்ந்தால் மறுமுனையையும் உடன் இழுத்துச் செல்லும். குற்றவாளி எந்த முனை என்பதை இந்த எண்கள் சொல்லமாட்டா.

அதற்கு ஒரு சோதனை உண்டு. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். முன் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஜாக்கியை வைத்து, முன் சக்கரங்கள் தரையைவிட்டு நீங்கும்வரை தூக்கினோம். இப்போது முன்புறம் ஒரே புள்ளியில் நிற்கிறது. சாய்வைத் தீர்மானிப்பவை பின் வில்கள் மட்டுமே. பின்பக்க வேறுபாடு 3.5 செ.மீ. ஆயிற்று. பிறகு இதையே பின்புறத்தில் செய்தோம். முன்பக்க வேறுபாடு 0.5 செ.மீ. தான். இரண்டின் சராசரி 2. தரையில் கண்டதும் அதுவே. கணக்கு பொருந்தியது. குற்றம் பின்னால் இருந்தது! (இச்சோதனையின்போது வண்டியின் அடியில் யாரும் புகக்கூடாது, ஜாக்கியை நம்பி உயிரை வைக்கக்கூடாது.)

பின் வில்களை விளக்கடியில் பார்த்தோம். பட்டை முறியவில்லை, நடு போல்ட்டும் சரி. அப்போதுதான் நண்பருக்கு நினைவு வந்தது: மழைக்கு முன் இடது பின் வில்லின் ரப்பர் புஷ்களை எங்கோ மாற்றியிருந்தார். வில்லின் இரு கண்களிலும் ஷாக்கிளிலும் உள்ள இந்த ரப்பர், நட்டை இறுக்கியதும் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தூக்கி, அச்சு தொங்கும்போது இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு வில்லைத் தாழவிடாமல் தடுக்கும். அதாவது, எங்கள் வண்டியில் வலப்பக்கம் தாழவில்லை. இடப்பக்கம்தான் உயர்ந்து நின்றது.

வலது முன் மூலை ஏன் அமுங்கியது என்பதும் விளங்கிற்று. ஒரு நாற்காலியின் இடது பின்காலின் கீழ் கட்டை வைத்துப் பாருங்கள். சுமை அந்தக் காலிலும், அதற்குக் குறுக்கே உள்ள வலது முன்காலிலும் ஏறும்.

மருத்துவம் எளிது. வண்டியைச் சக்கரங்களில் நிறுத்தி, இடது பின் வில்லின் கண் நட்டுகளையும் ஷாக்கிள் நட்டுகளையும் தளர்த்தினோம். இருவர் ஏறிப் பத்துமுறை குதித்தார்கள். வண்டி தன் இயல்பான உயரத்தில் அமர்ந்தபின் இறுக்கினோம். மீண்டும் அளந்தபோது வேறுபாடு 8 மில்லிமீட்டர். செலவு ஒன்றுமில்லை.

அந்த 8 மில்லிமீட்டரை விட்டுவிட்டோம். ஏன்? ஒரு வில் ஒரு சென்டிமீட்டர் தாழ 36 கிலோ வேண்டும் என்று கொள்வோம். 72 கிலோ உள்ள ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்தாலே, அப்பக்க வில்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தாழும். தண்ணீர்த் தகரங்களை இடப்பக்கம் வைத்து ஈடுகட்டலாம். இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்பை வடிவமைத்தவர்களும் இதை அறிந்திருந்தனர்; ஓட்டுநரும் பெட்ரோல் தொட்டியும் இடப்பக்கம் இருந்ததால், இடது முன் வில்லைச் சற்று விறைப்பாகவே செய்தனர். வில் வலுவிழந்து தாழ்ந்திருந்தாலோ வேறு வழி: இருபுற வில்களையும் ஒருசேரக் கழற்றி, வளைவு ஏற்றவோ மாற்றவோ வேண்டும், ஒன்றை மட்டும் தொடக்கூடாது.

அடுத்த ஞாயிறு சிம்மகட் போய்வந்தோம். இடது வளைவுகளில் வண்டி அடக்கமாகத் திரும்பியது. தாழ்ந்து நிற்பவன்மேல் பழி போடுவது எளிது. நிமிர்ந்து நிற்பவனையும் ஒருமுறை அளந்து பார்ப்பதே ஆராய்ச்சி. நண்பர்களே, பணப்பையைத் திறக்குமுன் அளவு நாடாவைத் திறவுங்கள்!