60,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் கணினி: எட்டாம் வகுப்புக் கணக்கு

எட்டாம் வகுப்பு ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்தில் சதவீதம், தள்ளுபடி, ஜிஎஸ்டி எல்லாம் வருகின்றன. புத்தகத்தில் உள்ள கணக்குகளை மாணவர்கள் போட்டுவிடுவார்கள். கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினால்தான் எந்த எண்ணை எடுத்து என்ன செய்வது என்று விழிப்பார்கள். அதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்த உண்மையான கொட்டேஷனை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். இதுவரை வந்தவை பெரும்பாலும் கிரைண்டர், டிவி, டைல்ஸ். இந்த ஆண்டு ஒரு மாணவன் கொண்டுவந்தது கேமிங் கணினிக்கான கொட்டேஷன். பாலிடெக்னிக்கில் படிக்கும் அவன் அண்ணனுக்காக, அம்மா சீட்டு எடுத்து வைத்திருக்கும் 60,000 ரூபாயில் வாங்குவதாகத் திட்டம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை.

தாளில் இருந்தவை இவ்வளவுதான்: ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், வண்ண விளக்கு கேபினட், 450 வாட் எஸ்எம்பிஎஸ், 24 அங்குல மானிட்டர். மொத்தம் 52,000. அடியில் சிறிய எழுத்தில் ‘ஜிஎஸ்டி தனி’.

முதல் பாடவேளை அந்தச் சிறிய எழுத்திலேயே போயிற்று. 52,000-க்கு 18 சதவீதம் 9,360. ஆக மொத்தம் 61,360. கையில் உள்ள தொகையைத் தாண்டிவிட்டது. அப்படியானால் வரிக்கு முன் எவ்வளவுக்குள் வாங்கலாம் என்று கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் 60,000-இல் 18 சதவீதத்தைக் கழித்து 49,200 என்றார்கள். இந்த விடையைத் தவறு என்று நாமே சொல்ல வேண்டியதில்லை. 49,200-க்கு வரி சேர்த்துப் பார்க்கச் சொன்னால் போதும். 58,056 வருகிறது. மீதி 1,944 ரூபாய் எங்கே போனது என்று அவர்களே தேடுகிறார்கள். வரி 60,000-இன் மீது போடப்படவில்லை, அதற்கு முந்தைய விலையின் மீது போடப்படுகிறது என்பது பிடிபட்டதும் 60,000-ஐ 1.18-ஆல் வகுத்தார்கள். 50,847 ரூபாய்.

அடுத்து பொருள்களின் பெயர்கள். ‘ஐ7’ என்பது ஒரு வரிசையின் பெயர். எந்தத் தலைமுறை என்பதை அதன் பின்னால் வரும் மாடல் எண்தான் சொல்லும். அண்ணனிடம் சொல்லிக் கடைக்கு ஃபோன் செய்து கேட்டபோது ஐ7-2600 என்று பதில் வந்தது. அது இன்டெல் 2011-இல் வெளியிட்டது. நான்கு கோர், எட்டு த்ரெட். 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான், ஆனால் வேகத்தில் பழையதை வெகுதூரம் பின்தள்ளிவிடும். 2600-இன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அது விண்டோஸ் 11-க்கான பிராசசர் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பெயரில் 7 இருப்பதால் 3-ஐவிடப் பெரியது என்று பிள்ளைகள் மட்டுமா நினைக்கிறார்கள்?

அதிக நேரம் எடுத்துக்கொண்டது கிராபிக்ஸ் கார்டு. கேமிங் கணினிக்கு உயிர்நாடி அதுதான். விளையாடுவதற்கென்றே வாங்கினால் மொத்தத் தொகையில் 35 முதல் 40 சதவீதம் வரை அதற்கே ஒதுக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கொட்டேஷனில் ‘4 ஜிபி’ என்று மட்டும் இருந்தது. கேட்டதில் ஜிடி 730 என்றார்கள். ஜிடிஎக்ஸ் 1650 என்ற கார்டிலும் 4 ஜிபி உண்டு. இரண்டும் ஒன்றா?

இங்கே நமக்குப் பழகிய தொட்டிக் கணக்கு கைகொடுத்தது. ஜிபி என்பது தொட்டியின் கொள்ளளவு. வினாடிக்கு எவ்வளவு வரும் என்பதைக் குழாய்தான் தீர்மானிக்கும். குழாயின் அகலம் பிட்டில் தரப்பட்டிருக்கும். அதை 8-ஆல் வகுத்து, வேகத்தால் பெருக்க வேண்டும். டிடிஆர்3 நினைவகம் கொண்ட ஜிடி 730-க்கு 64 ÷ 8 × 1.8 = 14.4. ஜிடிஎக்ஸ் 1650-க்கு 128 ÷ 8 × 8 = 128. அதாவது வினாடிக்கு 14.4 ஜிகாபைட்டும் 128 ஜிகாபைட்டும். ஒரே அளவு தொட்டி, கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு குழாய். கரும்பலகையில் இரண்டு தொட்டிகளை வரைந்ததும் கடைசி பெஞ்சில் இருந்தவன் எழுந்து, “அப்ப அந்த 4 ஜிபிய மட்டும் பெருசா எழுதியிருக்காங்களே, டீச்சர்” என்றான்.

அண்ணன் வேறொரு கடையில் வாங்கிவந்த கொட்டேஷனில் ஆர்டிஎக்ஸ் 3060 என்று இருந்தது. இது நல்ல கார்டு. ஆனால் இதே பெயரில் இரண்டு உண்டு. 12 ஜிபி கார்டில் 192 பிட், 8 ஜிபி கார்டில் 128 பிட். வேகம் இரண்டிலும் 15. ஒன்றில் 360, மற்றதில் 240. இந்த முறை எது என்று கேட்கச் சொல்லி நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

மானிட்டரைப் பெருக்கலுக்குப் பயன்படுத்தினேன். 1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்தை வரையக் கார்டுக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. 144 படம் என்றால் 6.9 மட்டுமே. 2560 × 1440 திரைக்குப் போனால் புள்ளிகள் 78 சதவீதம் கூடுகின்றன. இந்தத் தொகைக்கு 1080 திரையோடு நிற்பதே சரி என்று வகுப்பே முடிவு செய்தது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி, ரேம் என்றால் ஒற்றை 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி என்பவற்றை வேகமாகச் சொல்லிக் கடந்தேன். வண்ண விளக்கு கேபினட்டைப் பட்டியலிலிருந்து அடித்தபோது மட்டும் சிலருக்கு முகம் வாடியது.

யாரும் கேட்காத பொருள் எஸ்எம்பிஎஸ். இங்கேதான் சதவீதம் மறுபடியும் வந்தது. 3060-க்கு 170 வாட், ஐ3-12100 அதிகபட்சமாக எடுப்பது 89 வாட், மற்றவற்றுக்குத் தோராயமாக 50. கூட்டினால் ஏறக்குறைய 310. ஆனால் அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். கார்டு கணப்பொழுதில் கூடுதலாக இழுக்கும், எஸ்எம்பிஎஸ்ஸும் நாளடைவில் தளரும். அதற்கான இடைவெளி அது. மலிவான, திறன் முத்திரை இல்லாத எஸ்எம்பிஎஸ் போனால் சில சமயம் கூடவே மதர்போர்டையும் கார்டையும் கொண்டுபோய்விடும். இதில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்கக் கூடாது.

80 சதவீதத் திறன் உள்ள எஸ்எம்பிஎஸ் 310 வாட் கொடுக்க, சுவரிலிருந்து எவ்வளவு எடுக்கும்? 20 சதவீதம் கூட்டி 372 என்று தொடங்கியவர்கள் இந்த முறை தாங்களே நிறுத்திக்கொண்டார்கள். 310 ÷ 0.8 = 387.5. ஜிஎஸ்டி கணக்கின் அதே வடிவம். ‘முந்தைய தொகை எது’ என்று ஒரு மாணவி நோட்டின் ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டிருந்தாள்.

சக ஆசிரியர் ஒருவர், விளையாட்டுக் கணினி வாங்கக் கற்றுக்கொடுப்பது நம் வேலையா என்று கேட்டார். பணம் அந்த வீட்டிலிருந்து போகத்தான் போகிறது; சரியான கேள்வி கேட்டுவிட்டுப் போகட்டும் என்றேன். செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: கொட்டேஷனில் கடைப் பெயரை மறைத்துவிட்டு நகல் எடுங்கள். விலைகள் வாரத்துக்கு வாரம் மாறுவதால் உங்கள் ஊர் விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே பொருள்களின் விலையைத் தராததற்கும் அதுவே காரணம்.

இதை எழுதும்போது மூன்றாவது கொட்டேஷன் வந்திருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் மாடல் எண் உண்டு, ஜிஎஸ்டி சேர்த்து 59,400. கார்டு 12 ஜிபிதான். அம்மா கேட்டது ஒரே கேள்வியாம்: கரண்ட் பில் எவ்வளவு வரும்? மானிட்டரை விட்டுவிட்டு, முழு வேகத்தில் நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடுவதாகக் கொண்டு வகுப்பு போட்ட கணக்கு: 387.5 × 2 × 60 = 46,500 வாட் மணி, அதாவது இரண்டு மாதத்துக்கு 46.5 யூனிட். அவர்கள் வீட்டில் இப்போது 96 யூனிட் ஓடுகிறது. இலவசம் 100 யூனிட். மீதி 42.5 யூனிட்டுக்கு எவ்வளவு என்று பார்க்க, மின்கட்டண அட்டையோடு நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.