இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறார்களா? கொழும்பு வீடுகளுக்கு ஏழு வழிகள்

வெள்ளவத்தைத் தொடர்மாடியோ கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் இருக்கும் பழைய வீடோ, கொழும்புத் தமிழ் வீடுகளில் விருந்தாளி வராத மாதம் குறைவு. நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற வழியில் தங்கும் லண்டன், டொரொண்டோ உறவுகள், வைத்தியருக்குக் காட்டவும் விசா அலுவலுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள், கூட வேலை செய்பவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டால் கறிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்தான் நம் கவனம் போகிறது. வந்தவர் மனதில் தங்குவதோ, "என்னை நினைத்துச் செய்திருக்கிறார்கள்" என்ற எண்ணம். அதற்குச் செலவு அதிகம் இல்லை. கொஞ்சம் முன்யோசனை போதும்.

1. கூப்பிடும்போதே கேளுங்கள்

சைவமா மச்சமா, ஒத்துக்கொள்ளாத சாப்பாடு எது, வழக்கமாக எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்ற மூன்றையும் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். செவ்வாய், வெள்ளியில் மச்சம் தொடாத வீடுகள் பல. கத்தோலிக்கர் தவக்கால வெள்ளிகளில் இறைச்சியை விலக்குவார்கள். முஸ்லிம் நண்பர் வருகிறார் என்றால் ஹலால் கடையில் வாங்குங்கள். வாங்கியதை அவரிடம் சொல்லியும் விடுங்கள். அப்போதுதான் அவர் தயக்கமின்றிக் கை வைப்பார். போயா தினத்தில் சில் எடுக்கும் பௌத்தர்கள் நண்பகலுக்குப் பிறகு உண்பதில்லை. அவர்களை வேறு நாளில் அழையுங்கள்.

இன்சுலின் போடும் பெரியவருக்கு நேரம் பிந்தக்கூடாது. "7 மணிக்கு வாங்கோ, 8 மணிக்குச் சாப்பிடுவம்" என்று தெளிவாகச் சொல்லி, அந்த நேரத்தைக் காப்பாற்றுங்கள்.

2. பட்டியலைச் சுருக்கி, ஒன்றை மட்டும் அவருக்கென்று செய்யுங்கள்

இடியப்பம், சொதி, சம்பல், ஒரு மீன் அல்லது கணவாய்க் கறி, ஒரு மரக்கறி. இவ்வளவும் நிறைவான இரவுச் சாப்பாடு. இதோடு வருபவருக்குப் பிடித்த ஒன்றைச் சேருங்கள். ஒருவருக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி, குளிர்நாட்டில் இருந்து வருபவருக்குப் பச்சையாக அரைத்த வல்லாரைச் சம்பல், அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு உறைப்பில்லாத கிழங்குக் கறி. மேசையில் வைக்கும்போது, "உங்களுக்கு விருப்பமெண்டுதான் இதை வச்சனான்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இடியப்பத்தைக் கடையில் எடுப்பது குறைவான காரியம் இல்லை. 6 பேருக்கு 50 போதும். முதல் நாளே சொல்லி வையுங்கள். பரிமாறுவதற்கு முன் ஈரத் துணியால் மூடி 5 நிமிடம் ஆவியில் வைத்தால் அப்போது அவித்தது போல மெத்தென்று வரும். மிச்சமாகும் நேரத்தைச் சொதிக்குக் கொடுங்கள்.

3. சொதியைக் கடைசியில் முடியுங்கள்

சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் போட்டு வெங்காயம் வேகும்வரை கொதிக்க விடுங்கள். இதுவரை உள்ள வேலையை மாலையிலேயே முடிக்கலாம். முதற்பாலை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எல்லோரும் மேசைக்கு வரும் நேரம் அடுப்பை மெல்லிதாக எரியவிட்டு, முதற்பாலை ஊற்றி, அடியிலிருந்து துழாவிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் சிறு நுரை கட்டும். கொதி எழும்ப முன் இறக்கிவிடுங்கள். தேசிக்காய்ப் புளியை இறக்கிச் சற்று ஆறிய பிறகே விட வேண்டும். கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும்.

4. வீட்டுக்கு வரும் வழியை இலகுவாக்குங்கள்

வட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பும்போதே, காலி வீதிப் பக்கமாக வருவதா மரைன் டிரைவ் பக்கமாக வருவதா, வாகனத்தை எங்கே விடுவது என்றும் எழுதுங்கள். வாசல் காவலாளியிடம் விருந்தாளியின் பெயரைச் சொல்லி வையுங்கள். அவர் பெயரைச் சொன்னதும் கதவு திறந்தால் மரியாதை அங்கேயே தொடங்கிவிடும்.

மீன் பொரிப்பதை 4 மணிக்குள் முடித்து ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். சிறிய வீட்டில் பொரியல் மணம் இலேசில் போகாது. கதவடியில் ஒரு கதிரை போடுங்கள். முழங்கால் நோவுள்ளவர் குனிந்து செருப்புக் கழற்றச் சிரமப்படுவதைப் பார்த்தால் அந்தக் கதிரையின் அருமை தெரியும். கை கழுவும் இடத்தில் துவைத்த துவாய் இருக்கட்டும்.

5. வந்ததும் தேநீர் வேண்டாம்

இரவு 7 மணிக்குப் பால்தேநீரும் வடையும் கொடுத்தால் பசி போய்விடும். குளிர்ந்த தேசிக்காய்த் தண்ணீரோ நெல்லிரசமோ கொடுங்கள். சீனி போடுவதா, உப்பா என்று முதலில் கேளுங்கள். சிறு பிள்ளைகளுக்கு 7.30 மணிக்கே சாப்பாட்டைக் கொடுத்துவிட்டால் தாயும் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

6. கூட இருந்து சாப்பிடுங்கள்

வீட்டுக்காரி அடுப்படிக்கும் மேசைக்கும் ஓடிக்கொண்டிருக்க, மற்றவர்கள் சாப்பிட்டு முடிப்பது நம் வீடுகளில் பழகிப்போன காட்சி. அவளுடன் கதைக்கத்தான் விருந்தாளி வந்திருப்பார். எல்லாவற்றையும் மேசையில் வைத்து, தொலைக்காட்சியை நிறுத்தி, எல்லோரும் ஒன்றாக இருங்கள். குறையும் கறியை எடுத்து வரும் பொறுப்பை ஆண்களும் பிள்ளைகளும் ஏற்கட்டும்.

"இன்னும் ரெண்டு போடட்டோ?" என்று கேளுங்கள், அவர் கோப்பை மேல் கையை வைத்தால் விட்டுவிடுங்கள். இனிப்பில்லாமல் முடிக்க வேண்டியவருக்குப் பப்பாசிப் பழம் வெட்டி வையுங்கள். அதை எல்லோருக்கும் பொதுவாகக் கொண்டுவந்தால் அவர் தனித்துத் தெரியமாட்டார்.

7. வாசல்வரை போய் அனுப்புங்கள்

வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ் எடுத்து யாழ்ப்பாணம் போகிறவருக்கு வழிச்சாப்பாடு கட்டும்போது தேங்காய் சேர்ந்த கறி, சம்பலைத் தவிருங்கள், விடியுமுன் புளித்துவிடும். உழுந்து வடை, பயத்தம் பணியாரம், ஒரு போத்தல் தண்ணீர் போதும். லிஃப்ட் கதவோடு நிற்காமல் வாகனம்வரை போங்கள். மறுநாள் காலையில், போய்ச் சேர்ந்தாரா என்று கேளுங்கள். அவர் விரும்பிச் சாப்பிட்டதைக் கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த முறை உதவும்.

சொல்லாமல் யாராவது வந்து நின்றால்? பாண், முட்டை, டின் மீன், பருப்பு வீட்டில் எப்போதும் இருக்கட்டும். வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்ட முட்டைப் பொரியல், டின் மீன் குழம்பு, பருப்பு மூன்றும் அரை மணித்தியாலத்தில் ஆகும். "ஒண்டும் செய்யேல்லையே" என்று மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்டால் தான் தொல்லை கொடுத்துவிட்டதாக அவர் நினைப்பார். "நல்ல நேரத்திலதான் வந்தனீங்கள், இருங்கோ சாப்பிடுவம்" என்று சொல்லி, நீங்களும் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.