கொல்லைப்புறத்தில் குழந்தைகளுக்கோர் ஆடுகளம்

தறி ஓடும் வீட்டிலே மூன்று வயதுக் குழந்தை எங்கே விளையாடும்? கூடத்தின் பெரும்பகுதியைத் தறி கொண்டுவிடுகிறது. எஞ்சிய இடத்தில் ராட்டையும் நூற்கட்டுகளும் கிடக்கின்றன. குழித்தறியானால் மிதிக்கட்டைக் குழி வேறு வாய் திறந்திருக்கிறது. பயிர்த்தொழில் புரியும் அங்கத்தினர் வீட்டில் கூடம் காலியாயிருக்கலாம். ஆயினும் வாசற்படி தாண்டினால் மோட்டார் சைக்கிளும் டிராக்டரும் ஓய்வின்றிச் செல்லும் தெரு. ஆகவே குழந்தைக்கு மிஞ்சியிருப்பது கொல்லைப்புறம் ஒன்றே. அதையோ நாம் பாத்திரம் துலக்கவும், சாயம் காய்ச்சவும், வேண்டாதவற்றைக் குவிக்கவும் விட்டிருக்கிறோம். அதில் ஒரு பகுதியைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிச் சீர்செய்வது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களை மனத்திற்கொண்டே எழுதுகிறோம். அதற்கு மேற்பட்டவர்கள் தங்கள் ஆடுகளத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். நாம் வேண்டாமென்று சொல்லும் இடத்திலேயே கண்டுபிடிப்பார்கள்!

விளையாட்டுப் பொருளைப் பற்றி நினைக்குமுன் ஆபத்தைப் பற்றி நினைக்க வேண்டும். முதலாவது, தண்ணீர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. கிணறு மட்டும் காரணமன்று. தத்தி நடக்கும் குழந்தை ஒரு வாளியில் தலைகுப்புற விழுந்தால் தானே எழ முடியாது; சில அங்குலத் தண்ணீரே போதும். எனவே கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவருடன் இரும்பு வலை மூடியும் வேண்டும். நூல் நனைக்கும் தொட்டிக்குப் பலகை மூடி வேண்டும். வேலை முடிந்த வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

பழுதாகிக் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு தோட்டத்திலோ கொல்லையிலோ இருக்குமானால் மற்ற வேலைகளையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், வீட்டின் அருகிலிருந்த அத்தகைய கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நான்கு நாள் முயன்றும் உயிருடன் மீட்க முடியவில்லை. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கற்களால் நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. சாக்கைப் போட்டு மேலே கல்லை வைப்பது மூடுவதாகாது.

இரண்டாவது, மருந்துச் சரக்கு. சாயம் போடும் வீட்டில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் இருக்கும். வயலுள்ள வீட்டில் பூச்சிமருந்து இருக்கும். இவற்றைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். குழந்தைக்குப் புட்டி தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. வாங்கிய கலத்திலேயே வைத்து, பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். ஒருகால் குழந்தை காஸ்டிக் சோடாவை விழுங்கிவிட்டால் புளி கரைத்தோ உப்பு கரைத்தோ கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். தொண்டையைச் சுட்ட பொருள் திரும்பி வருகையில் மறுபடியும் சுடும். வாயைக் கழுவிவிட்டு, புட்டியையும் கையிலெடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்வதே செய்யத்தக்கது.

செடிகளில் அரளி, பொன்னரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி ஆகியவை ஆடுகளத்தின் அருகே ஆகா. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும்.

இனி, இடத்தைத் தேர்ந்தெடுப்போம். 12 அடிக்கு 15 அடி போதும். ஆனால் அந்த இடம் எங்கே அமைகிறது என்பதே பெரிது. தறியில் உட்கார்ந்திருப்பவரோ அடுப்படியில் நிற்பவரோ எழாமல், தலையைத் திருப்பினால் காணக்கூடிய இடமாக இருக்க வேண்டும். நெய்த முழத்துக்குக் கூலி பெறுகிறவர் அடிக்கொரு தரம் எழுந்து கொல்லைக்குப் போய் வர முடியுமா? முடியாது. போகாமலிருந்தால் மனம் நிலைகொள்ளாது, ஊடையும் அறும். ஆதலால் கொல்லைக் கதவை அகலத் திறந்து வைத்துத் தறியிலிருந்து பார்த்து, கண்ணுக்குப் படும் நிலப்பரப்பில் நான்கு முளை அடித்துவிடுங்கள். அந்த நான்கு முளைக்குள்தான் ஆடுகளம். சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டலாம். கண்ணை மறைக்காதவாறு சட்டங்களுக்கிடையே வெளி விட வேண்டும். அவ்வெளி மூன்றரை அங்குலத்துக்கு மேற்பட்டால் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளக்கூடும்.

நிழலுக்கு வேம்பும் புங்கும் சிறந்தவை. மரம் வளரும் வரை, சாயம் மங்கிய பழந்துணியைப் பந்தலாக விரித்துக் கட்டலாம்.

ஆடுகளத்தின் உயிர் மணல். விலை கொடுத்து வாங்கிய பொம்மை எதுவும் அரை நாளைக்கு மேல் குழந்தையைக் கட்டிவைப்பதில்லை. மணல் ஆண்டு முழுவதும் கட்டிவைக்கும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றிலுக்கு ஒன்றை ஒதுக்கினார்கள். சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைச் சிறுவன் காலால் அழிப்பதும், அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதும் அதன் பொருள். நம் வீட்டுக் கொல்லையில் இன்றும் அது நடைபெறுகிறது. ஈர மணலை அள்ளுகையில் கைவிரல்கள் உறுதிபெறுகின்றன. இரண்டு சிரட்டை மணல் ஒரு கிண்ணத்தில் அடங்கும், மூன்று அடங்காது என்று அளவையும் அங்கேயே கற்கிறது குழந்தை.

நான்கடிக்கு ஆறடி அளவில், 15 அங்குல ஆழம் தோண்டுங்கள். அடியில் மூன்று அங்குலம் உடைந்த ஓட்டுத்துண்டும் சரளையும் பரப்பினால் மழைநீர் தேங்காது. அதன் மேல் ஓர் அடிக்குக் கழுவிய ஆற்று மணல். 24 கன அடி பிடிக்கும். பாறையை உடைத்துச் செய்யும் மணல் கூரானது, தூசும் எழுப்பும்; அது வேண்டாம். விளிம்புக்குப் பழைய தறிப் பலகைகளை ஆணி நீக்கி, இழைத்துப் பதிக்கலாம். மாலையானதும் மணலைத் தார்ப்பாய் கொண்டு மூடுவது இன்றியமையாதது. மூடாத மணல் பூனைக்கும் நாய்க்கும் கழிப்பிடமாகும். அவற்றின் கழிவிலிருந்து புழுமுட்டைகள் மணலில் சேரும். விளையாடி முடித்ததும் சோப்பினால் கைகழுவும் பழக்கம் வேண்டும். 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

ஊஞ்சலைப் பற்றி எழுதும்போது நம் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முன்னொரு கோடையில், நிழலும் கிளையும் வாகாயிருக்கக் கண்டு, முருங்கை மரத்தில் ஊஞ்சல் கட்டினோம். முருங்கைக் கிளை முறியும் என்பது நாடறிந்த செய்தி, நாமும் அறிந்ததே. சிறு குழந்தைதானே, என்ன பாரம் என்று எண்ணினோம். மூன்றாம் நாள் கிளை முறிந்து, குழந்தையின் முன்கை எலும்பு பிசகிற்று. கைக்கட்டுடன் அது ஆறு வாரம் இருந்ததைப் பார்த்த பிறகு, மரத்தின் தரம் பாராமல் கயிற்றைக் கையிலெடுப்பதில்லை. வேம்பின் பருத்த கிளை அல்லது இரும்புக் குழாய்ச் சட்டமே ஏற்றது. ஊஞ்சற்பலகைக்குப் பதிலாகப் பழைய ரப்பர் டயரைத் தொங்கவிட்டால் எதிரே வரும் குழந்தையின் நெற்றி தப்பும். டயரின் அடியில் துளையிடாவிட்டால் நீர் தேங்கி டெங்குக் கொசு வளரும். பழம்புடவையைத் தூளிபோல் கட்டி வளர்ந்த குழந்தையை ஆட விடுவது கூடாது. துணி முறுக்கிக்கொண்டு கழுத்தை இறுக்கிவிடும்.

கயிறு கட்டிய இடம் ஆறடி உயரமானால், முன்னே 12 அடியும் பின்னே 12 அடியும் வெறுவெளி வேண்டும். அவ்வளவு நீளமில்லாத கொல்லையில், மேற்சொன்ன 12 அடிக்கு 15 அடி இடத்தில் ஊஞ்சல் கட்டாமல் மணலோடு நிற்பதே அறிவுடைமை. ஏறி இறங்க ஏதேனும் அமைத்தால் அதன் உயரம் நான்கடியைத் தாண்டலாகாது. கீழே சுற்றிலும் ஒன்பது அங்குலமாவது தளர்ந்த மணல் இருக்க வேண்டும்.

மற்ற விளையாட்டுப் பொருள்களுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வெற்று நூற்கூம்புகள் கோபுரமாகும். கொட்டாங்கச்சி தராசாகும். கழிவு நூலை உருட்டிப் பழந்துணியால் பொதிந்தால் பந்தாகும். தார்க்குச்சி முதலிய கூரானவை மட்டும் சேரக்கூடாது. சாயம் ஊறிய நூலையும், வாய்க்குள் போகுமளவு சிறிய பொருளையும் கொடுக்காதீர்கள்.

ஓரத்தில் இரண்டடிப் பாத்தி ஒன்று குழந்தையின் பெயரால் இருக்கட்டும். ஜெர்மனியில் பிரோபெல் என்பார் தம் குழந்தைப் பள்ளிக்கு 1840இல் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பாத்தி இருந்தது. வெந்தயத்தை விதைத்தால் நான்கைந்து நாளில் முளை காணும். அதற்கு மேல் காத்திருக்க அவ்வயதிற்குப் பொறுமையில்லை. தினந்தோறும் விதையைத் தோண்டிப் பார்க்கும் குழந்தையைக் கோபிக்க வேண்டாம். இன்னொரு பிடி விதைத்தால் தீர்ந்தது.

கயிறும் பலகையும் வெயிலில் இற்றுப்போகும். அமாவாசையன்று தறியை நிறுத்தும் வழக்கமுள்ள ஊர்களில் அந்த நாளின் காலையை இதற்கு வைத்துக்கொள்ளலாம். கயிற்றின் முடிச்சை இழுத்துப் பாருங்கள். பலகையில் ஆணி தலை நீட்டியிருந்தால் அடித்துவிடுங்கள். மணலை மண்வெட்டியால் ஒரு முறை அடிமேலாகப் புரட்டி வெயிலில் காயவிடுங்கள். அரை மணி நேர வேலைதான். குழந்தைகளும் கூட வந்து புரட்டுவார்கள்.